மண்ணோரத்து ஒரு சாண்

சென்ற ஐப்பசியில் காங்கயத்திற்கு அருகே உள்ள எங்கள் பூர்வீகக் காட்டிற்குச் சென்றிருந்தேன். தாத்தா காலத்துக் கிளுவை வேலி பல இடங்களில் பட்டுப்போய், ஆடு நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. அண்ணன் அதை மொத்தமாகப் பெயர்த்துவிட்டுக் கம்பிவேலி போடும் எண்ணத்தில் இருந்தார். கருத்துக் கேட்பதற்காக மூவரை வரவழைத்திருந்தார். ஒருவர் கல்லுக்கால் நடுபவர். மற்றவர் சிமெண்டுக் கால் வார்த்து விற்பவர். மூன்றாமவர், அந்தப் பக்கத்து வேலிகளுக்கெல்லாம் கிளுவைப் போத்து நட்டு, முள் அடைத்து வயதாகிவிட்ட பெரியவர்.

வேப்ப மரத்தடியில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். விலை, பாரம், ஆயுள் எனப் பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. எதிலும் ஒத்துப்போகாத மூவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். அதைச் சொன்னவர் பெரியவர். "எந்தக் காலானாலும் மண்ணோரத்துல ஒரு சாண்தானுங்க அதுக்குக் கண்டம். மேலயும் சாகாது, அடியிலயும் சாகாது." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வேலிக்காலின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். காலின் மேற்பகுதியில் காற்று உண்டு, ஆனால் வெயில் ஈரத்தை உலர்த்திவிடுகிறது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று போதாது. இரண்டும் கூடுகிற இடம் மண்ணின் மேற்பரப்பை ஒட்டிய அந்த ஒரு சாண். கரையானும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. பிடுங்கிப் போட்ட பழைய மரக்கால்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: தலையும் அடியும் உறுதியாக இருக்க, இடுப்பு மட்டும் அரித்துப்போயிருக்கும்.

இதற்கு மனிதன் கண்ட முதல் மருந்து, மரத்தைத் தேர்ந்தெடுப்பது. புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. வகுப்பில் இதைப் பாடமாக நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். தென்னையும் பனையும் புல்லா என்பார்கள். ஆனால் வேலிக்கு மரம் அறுப்பவனுக்கு இது இலக்கணம் அன்று, அன்றாடத் தொழிலறிவு. பனையில் வெளிப்புறத்துக் கறுத்த வைரத்தைச் சிம்பாக எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சோற்றைக் கழிக்க வேண்டும். வேம்பிலும் கருவேலத்திலும் வெளிறைச் செதுக்கிவிட்டு உள்வைரத்தை மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். எதிரெதிர் வேலைகள், நோக்கம் ஒன்றுதான்.

இரண்டாவது மருந்து, மரத்தைப் பூஞ்சை தின்ன முடியாததாக ஆக்குவது. அடியைத் தீயில் கருக்கி நடுவது பல நாடுகளிலும் இருந்த வழக்கம். 1838இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தேல் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இருப்புப்பாதைக் கட்டைகளும் தந்திக் கம்பங்களும் அதனால் ஆயுள் பெற்றன. உலகம் பரவலாக ஏற்றுக்கொண்ட அடுத்த மருந்து நம் நாட்டில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய காமேசன், 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து ஒரு கரைசலை உருவாக்கினார். மரத்துக்குள் சென்ற பின் மழைநீரில் எளிதில் கரைந்து வெளியேறாதபடி அது நாரோடு பிணைந்துகொண்டது. அமெரிக்கத் தோட்டங்களில் பல்லாண்டுகள் நின்ற பச்சை நிறக் கால்கள் இக்கண்டுபிடிப்பின் வாரிசுகளே. ஆனால் ஆர்செனிக் நஞ்சு. சிறிது சிறிதாக அது மண்ணில் கசிவது அறியப்பட்ட பின், 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டுக்கான மரங்களில் அதைச் சேர்ப்பதை அமெரிக்க உற்பத்தியாளர்கள் கைவிட்டனர். காலைக் காத்த மருந்து, கால் நின்ற மண்ணைக் காக்கவில்லை.

மூன்றாவது மருந்து, மரத்தையே கைவிடுவது. இதற்குக் காரணமாக அமைந்தது முள்கம்பி. அமெரிக்காவின் மரமற்ற சமவெளிகளில் முதலில் ஓசேஜ் ஆரஞ்சு என்னும் முள்மரத்தை உயிர்வேலியாக நட்டார்கள். அது வளர ஆண்டுகள் பிடித்தன. இல்லினாய்ஸ் மாநிலத்தின் டிகால்ப் ஊரைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்னும் விவசாயி 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி, செடியின் முள்ளை இரும்பில் படியெடுத்தது. உயிர்வேலிக்குச் சாணுக்கு ஒரு போத்து வேண்டும். கம்பிக்கோ எட்டுப் பத்து அடிக்கு ஒரு கால் போதும். ஆனால் அந்த ஒரு கால் கம்பியின் இழுவிசை முழுவதையும் தாங்கியாக வேண்டும். கால் என்பது தனிப் பொருளாக, விலைக்கு வாங்கும் பண்டமாக ஆனது இப்படித்தான்.

கான்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் கால் அறுக்க மரமே இல்லை. குடியேறியவர்கள் மண்ணைத் தோண்டினார்கள். அடியில் ஒரே சீரான கனத்தில் சுண்ணாம்புக்கல் படுகை கிடந்தது. தோண்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும் கல் அது. வரிசையாகத் துளையிட்டு, ஆப்புச் செருகி, அடித்துப் பிளந்தார்கள். அந்தக் கல்லுக்கால்கள் பல இன்றும் நிற்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளிலும் கொங்கு நாட்டிலும் கருங்கல்லில் வரிசைத் துளையிட்டு, ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கல் மட்காது, துருப்பிடிக்காது. மண்ணோரத்து ஒரு சாண் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கல்லுக்கு வளையத் தெரியாது. மாடு முட்டினால் அல்லது மூலைக்காலுக்கு முட்டுக் கொடுக்காமல் கம்பியை இழுத்தால் ஒடிந்துவிடும்.

சிமெண்டுக் காலின் கதையும் அந்த ஒரு சாணிலேயே முடிகிறது. வெடிப்பின் வழியே ஈரம் உள்ளிருக்கும் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே உப்பிச் சிமெண்டை உடைக்கிறது. கால் வார்ப்பவரே இதை ஒப்புக்கொண்டார். குழியில் கான்கிரீட் போட்டால் மேற்புறத்தைக் கிண்ணம்போல விடாமல், நீர் வழிந்தோடும்படி காலிலிருந்து சரித்துப் பூச வேண்டும் என்றார். "அதைச் செய்யாமத்தானுங்க பாதி காலு போவுது."

இனிப் பெரியவரின் மருந்து. அது நான்காவது, ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது. காலைச் சாகவிடாமல் இருப்பதே அது. செத்த மரத்தைத்தான் மண் தின்னும். வேர்விட்ட மரம் தன் தோலால் தன்னைக் காத்துக்கொள்ளும். ஒதியும் பூவரசும் கல்யாண முருங்கையும் அப்படித்தான் வேலியில் நின்றன. கொங்கின் மானாவாரி நிலத்துக்கு முள்கிளுவை. வெள்ளைப்போளமும் குக்குலும் தரும் மரங்களின் இனத்தைச் சேர்ந்தது. ஆண்டில் பெரும்பகுதி இலையின்றி வறண்டு நிற்கும். மழை கண்டால் தளிர்க்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கொண்ட கொறங்காட்டை இவ்வேலி பகுதி பகுதியாகப் பிரித்தது. மேய்ப்பவன் இல்லாமலே மாடுகள் ஒரு பகுதியில் மேய, மறுபகுதியில் புல் தழைத்தது. காங்கயம் மாட்டினத்தின் வரலாற்றைக் காளைகளை மட்டும் வைத்து எழுதுவது போதாது; அவற்றைச் சுற்றி நின்ற கிளுவையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உயிருள்ளவை எல்லாம் நல்ல வேலி என்று இதற்குப் பொருளில்லை. வேலியாகப் பயன்பட்ட சப்பாத்திக்கள்ளி காடுமேடெல்லாம் பரவி, 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைப் பூச்சியால்தான் அடங்கியது. சீமைக் கருவேலத்திற்கு நம் மக்கள் வைத்த பெயர்களுள் ஒன்று வேலிக்காத்தான். அதை அகற்றும்படி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டிவந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான். போத்து வைத்து வளர்க்கும் கிளுவையோ நட்ட வரிசையை விட்டு அதிகம் நகர்வதில்லை.

பிறகு ஏன் அது அழிகிறது? பட்ட இடத்தில் ஆண்டுதோறும் போத்து நட ஆள் வேண்டும். அந்தக் கைவேலைக்கு நாம் கொடுத்த கூலியும் மதிப்பும் குறைவு. பெரியவரின் மகன்கள் திருப்பூருக்குப் பனியன் தொழிலுக்குப் போனதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கல்லும் சிமெண்டும் ஒருமுறைச் செலவு. கிளுவை ஓயாத பராமரிப்பு. கிளுவை தோற்றது மண்ணிடத்தில் அன்று, கூலிக் கணக்கில்தான்.

தஞ்சை மண்ணில் வேலி என்பது நில அளவை. இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. வேலி என்ற ஒரே சொல் அடைப்பையும் அடைபட்ட நிலத்தையும் குறிப்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வேலியை மாற்றுவது நிலத்தையே மாற்றுவதாகும் என்பது அந்த வேப்ப மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். மூலைகளிலும் வாசலிலும் கல்லுக்கால். சந்து விழுந்த இடங்களில் இரண்டு கம்பி. அக்கம்பிகளின் நிழலில் புதிய போத்துகள். மீதி வேலி இருந்தபடியே இருக்கட்டும் என்றார். பெரியவர் கேட்ட கூலி, கல்லுக்கால் நடுபவரின் கூலிக்குச் சமமாக இருந்தது. அண்ணன் பேரம் பேசவில்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் வேலிக்கு எதை நட்டார்கள், இன்று அங்கே எது நிற்கிறது என்பதை நண்பர்கள் எழுதினால் மகிழ்வேன்.