குடுமியான்மலைப் பாறையும் கணினி வாசிக்கும் இராகமும்

குடுமியான்மலை மேலைக்கோயில் குடைவரையை அடுத்த பாறைமுகத்தில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டின் பெருமையைப் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1904ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, பி. ஆர். பண்டார்க்கரால் ‘எபிகிராபியா இந்திகா’ பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்ட அக்கல்வெட்டினை வரலாற்றாசிரியர்கள் காலம் நோக்கியும் அரசன் நோக்கியும் ஆராய்ந்துள்ளனர். பல்லவன் மகேந்திரவர்மனே அதனைச் செய்வித்த அரசன் என்பாரும் அதனை மறுப்பாரும் உளர். கணினி மென்பொருள் கொண்டு இராகங்களை ஒலிக்கச் செய்வோர் இன்று எதிர்கொள்ளும் வினாவை ஏழாம் நூற்றாண்டிலேயே கல்லில் எழுதியவர் எதிர்கொண்டிருந்தார் என்னும் கூறு அவ்வளவாகப் பேசப்படவில்லை. சுரத்தின் பெயரை மட்டும் எழுதினால் இராகம் கிடைக்குமா என்பதே அவ்வினா.

கல்வெட்டு ஏழு பிரிவுகளை உடையது. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்னும் அவ்வேழும், இராகம் என்னும் கருத்து முழுமை பெறுவதற்கு முன் வழங்கிய கிராமராகங்கள் ஆகும். நாரதீய சிட்சையும் இவ்வேழையே கூறுவதால், பாறையில் உள்ளது ஒரு மன்னனின் தனிக் கற்பனையன்று, வேத ஓதுமுறையோடு உறவுடைய பழமரபு என்பது தெளிவாகும். சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டப்பட்டுள்ளன. அந்தர காந்தாரத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் தனி எழுத்துகள் உண்டு. ஒவ்வொரு சுரவெழுத்தும் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களோடு சேர்ந்து வருவது இக்கல்வெட்டின் தனிச்சிறப்பு. ஷட்ஜம் ஓரிடத்தில் ‘ஸ’ எனவும், பிறிதோரிடத்தில் ‘ஸி’, ‘ஸு’, ‘ஸெ’ எனவும் நிற்கும். இவ்வுயிர்க் குறிகள் நுண்சுருதிகளைக் காட்டுவன என்று ஒரு சாராரும், வீணை நரம்பை மீட்டும் கைமுறையைக் காட்டுவன என்று மற்றொரு சாராரும் கொள்வர். எக்கொள்கை வெல்லினும், சுரப்பெயரோடு மேலும் ஒரு செய்தி இருந்தாலன்றி இசை கைமாறாது என்று எழுதியவர் உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. மகேசுவரனிடம் பக்தி பூண்டவனும் உருத்திராசாரியரின் மாணாக்கனுமாகிய அரசன், கற்பவர் நன்மைக்காக இதனைச் செய்தான் என்று கல்வெட்டு முடிகிறது. எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரியன என்னும் பொருளில் தமிழ் வரி ஒன்றும் உடனுள்ளது; எட்டு நரம்பும் ஏழு நரம்பும் கொண்ட வீணைகளை அது குறிப்பதாகக் கருதுவர்.

கணினியின் நிலை

மின்னிசைக் கருவிகளும் கணினியும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ‘மிடி’ என்னும் பொதுவிதி 1983ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. அதில் சுரங்கள் 0 முதல் 127 வரையிலான எண்களே. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே நிற்பது ஓர் அரைச்சுர இடைவெளி. ஒலியை மேலும் கீழும் வளைப்பதற்கு 16,384 படிகள் கொண்ட தனிக் கட்டளை உண்டு. ஆயினும், எப்பொழுது, எவ்வளவு, எவ்வழியாக வளைக்க வேண்டும் என்பதைக் கட்டளை தானாக அறியாது. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்தே காந்தாரமாவது; அதனை ஒற்றை எண்ணாக ஒலிக்கச் செய்தால் சுரம் பிழையாகாமலே தோடி காணாமற்போய்விடும். மோகனம் ஓரளவு தாங்கும். சகானாவும் பேகடாவும் அறவே தாங்கா.

சென்னை எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயக’ என்னும் மென்பொருள் இக்குறையை உணர்ந்து எழுந்தது. தட்டச்சிடப்படும் சுரக்குறிப்போடு, சுரத்தின் அசைவாகிய கமகத்தைக் காட்டும் குறிகளையும் ஏற்று ஒலிக்கும் அதன் முறை, பாறையின் உயிர்க்குறிகளுக்கு உறவானது என்பது தகும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் 2013இல் நிறைவு செய்த ஆய்வு, சுருக்கமான குறிப்பிலிருந்து கமகத்தைக் கணினி தானே விரித்துக்கொள்ளும் வழியை ஆராய்ந்தது. ஒரு வர்ணத்தை இரண்டாங்காலத்தில் வாசிக்கும்போது கமகங்கள் அப்படியே பாதி நேரத்தில் சுருங்குவதில்லை, சில அசைவுகள் விடுபட்டும் சில உருமாறியும் வருகின்றன என்பதனை அவர் காரைக்குடி மரபின் வீணை வாசிப்பைக் கொண்டே ஆராய்ந்தார். காரைக்குடி வீணை மரபின் தலைமகன் சாம்பசிவ ஐயர் (1888–1958) திருக்கோகர்ணத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால், அவ்வூர்ப் பிரகதாம்பாள் சந்நிதிக்கு அருகே வளர்ந்த விரல்நடை கணினியின் கணக்குக்குள்ளும் புகுந்துள்ளமை இம்மண்ணுக்குப் பெருமையே.

யாழ் தந்த விடை

கருவியில் அடங்காத இசையைப் பற்றிச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டும் நிகழ்ச்சி இங்கே பொருந்தும். திருஞானசம்பந்தர் பாடியவற்றையெல்லாம் யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சுற்றத்தார், அவர் வாசிப்பதனாலேயே பதிகங்களின் புகழ் பரவுவதாகக் கூறினர். அது கேட்டு மனம் வருந்திய பாணர், கருவியில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்ட, பிள்ளையாராகிய சம்பந்தர் தருமபுரத்தில் யாழ்மூரிப் பதிகத்தைப் பாடினார். யாழ் தோற்றது. அதனை உடைக்கப் புகுந்த பாணரைத் தடுத்து, சிவசக்தியின் பெருமை இக்கருவிக்குள் அடங்குமோ, அதில் இயன்ற அளவு இசைப்பீராக என்று பிள்ளையார் அருளினார். குடுமியான்மலைக் கல்வெட்டின் நூற்றாண்டே அவர் வாழ்ந்த நூற்றாண்டும் என்பது ஓர்தற்குரியது. மென்பொருளை இகழ்ந்து ஒதுக்குவோரும் அதுவே குரு என்று மயங்குவோரும் அத்திருவாக்கினை ஒருங்கே கருதுதல் நலம்.

இம்மாவட்ட இசைப்பள்ளி மாணவரும் கணினி பயிலும் இளைஞரும் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பாறையின் ஏழு பிரிவுகளையும் பதிப்போடு ஒப்பிட்டுப் பிழையறத் தட்டச்சிட்டு, நான்கு உயிர்க்குறிகளுக்கும் நுண்சுருதிப் பொருள் தந்து ஒரு முறையும், மீட்டுமுறைப் பொருள் தந்து மற்றொரு முறையும் கணினியில் ஒலிக்கச் செய்தல் வேண்டும். அவ்விரண்டையும் வீணை வல்லாரும் ஓதுவாரும் கேட்டு, நரம்பில் இயல்பாக அமைவது எது, கை மறுப்பது எது என்று குறித்துத் தருதல் வேண்டும். இம்மாவட்டத்துத் திருமயத்தில் உள்ள மற்றோர் இசைக் கல்வெட்டின் பெரும்பகுதி, 13ஆம் நூற்றாண்டில் சைவ வைணவக் கோயில்களின் வழக்குத் தீர்ப்பினைப் பொறிப்பதற்காக அழிக்கப்பட்டது. அங்கே எஞ்சிய எழுத்துகளையும் இப்பணியில் சேர்த்துக்கொள்வது இன்றியமையாதது.