கருவி காட்டும் உலோகமும் மண் காக்கும் வரலாறும்

மண்ணில் மறைந்த பொருளைத் தேடும் ஆசை மனிதனோடு பிறந்தது. மை போட்டுப் பார்த்தவர்களும், குறி கேட்டவர்களும், கவைக்கோல் ஏந்திக் காடுமேடெல்லாம் நடந்தவர்களும் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கின்றனர். மின்னியல் வளர்ந்த பின்னர் அக்கவைக்கோலின் இடத்தை ஒரு கருவி பெற்றது. நீண்ட கைப்பிடியும், அதன் முனையில் வட்டமான கம்பிச் சுருளும், காதில் ஒலி கேட்கும் அமைப்பும் கொண்ட உலோகம் கண்டறியும் கருவியே அது.

இக்கருவியை முதன்முதலாக வாங்க எண்ணுகின்றவர் கேட்கும் கேள்வி, 'எது சிறந்தது?' என்பதாகும். விலைப்பட்டியல்களோ நாணயம் தேட ஒன்று, தொல்பொருள் தேட ஒன்று, பொன் தேட ஒன்று எனப் பிரித்துக் காட்டுகின்றன. இப்பிரிவு வணிகர் செய்த பிரிவு மட்டுமன்று. இதற்கு இயற்பியல் அடிப்படை உண்டு. அதனினும் மேலாக, இம்மூன்று தேடல்களும் வரலாற்றுக்குச் செய்த நன்மையும் தீமையும் வெவ்வேறானவை. அவற்றை அறியாமல் கருவியை ஒப்பிடுவது அரைகுறை ஒப்பீடாகவே முடியும்.

உயிர் காக்கப் பிறந்த கருவி

இக்கருவி புதையலுக்காகப் பிறந்ததன்று. 1881 ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வாஷிங்டன் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் அது. தொலைபேசியைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், மின்தூண்டலின் துணையால் குண்டிருக்கும் இடத்தை அறிய முற்பட்டார். கம்பிச் சுருள்களின் அருகே உலோகம் வந்தால், தொலைபேசியின் கேட்பொறியில் ஒலி எழும்படி அதனை அமைத்தார்.

சோதனைகளில் நன்கு இயங்கிய அக்கருவி, நோயாளியின் படுக்கையருகே தெளிவான விடை தரவில்லை. மெத்தையின் அடியிலிருந்த எஃகுக் கம்பிகள் அதனைக் குழப்பின. தலைமை மருத்துவர் உடலின் வலப்புறத்தை மட்டுமே ஆராய இடந்தந்தார். குண்டோ இடப்புறத்தில் இருந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு உயிர் நீத்தார். கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், எங்கே தேடுவது என்னும் அறிவு பிழைபட்டால் பயன் விளையாது என்பதை அதன் முதல் வரலாறே காட்டிவிட்டது எனலாம்.

பின்னர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கெர்ஹார்டு ஃபிஷர், வானொலி அலைகளால் விமானங்களுக்குத் திசை காட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். உலோகத்தாலான பொருள்களும் கனிமம் செறிந்த நிலமும் அவ்வலைகளைப் பிறழச் செய்வதைக் கண்டார். அப்பிழையையே பயனாக்கினால் என்ன என்று எண்ணிய அவர், 1930களில் உலோகம் கண்டறியும் கருவிகளைச் செய்து விற்கலானார். இரண்டாம் உலகப்போரில், ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படை அலுவலர் யூசெஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடி காணும் கருவியை உருவாக்கி, அதனைப் பிரித்தானியப் படைக்கு விலையின்றி வழங்கினார். 1942இல் எல் அலமைன் பாலைவனப் போரில் ஏறத்தாழ 500 கருவிகள் பயன்பட்டன. கண்ணிவெடி அகற்றும் வேகம் அதனால் இருமடங்காயிற்று.

போர் முடிந்ததும் எஞ்சிய படைக்கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. டிரான்சிஸ்டரின் வரவால் கருவியின் எடை குறைந்தது, விலையும் குறைந்தது. 1970களில் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வயல்வெளிகளிலும் கடற்கரைகளிலும் இக்கருவியோடு நடப்பது பெரும் பொழுதுபோக்காயிற்று.

மூன்று தேடல்கள்

கருவியின் செயல்முறை எளியது. சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தைப் பரப்புகிறது. அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அம்மின்னோட்டம் உண்டாக்கும் சிறு காந்தப்புலத்தை மற்றொரு சுருள் உணர்கிறது. மறுமொழி வந்து சேரும் காலத் தாழ்வைக் கொண்டு, கிடைப்பது இரும்பா, வெள்ளியா என்று கருவி ஒருவாறு ஊகிக்கிறது.

நாணயம் தேடுவோர்க்கு இவ்வூகமே உயிர்நாடி. ஆணிகளும் குப்பையும் நிறைந்த நிலத்தில் வெள்ளி நாணயத்தைப் பிரித்தறிய வேண்டும். ஆயினும் பானக் குவளையின் அலுமினிய வளையமும் மெல்லிய பொன் மோதிரமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தருவதுண்டு. குப்பையைத் தவிர்க்கும்படி கருவியைத் திருத்துகின்றவர் பொன்னையும் சேர்த்தே தவிர்த்துவிடுகிறார்.

தொல்பொருள் தேடுவோர்க்கு இரும்பும் விலக்கத்தக்கதன்று. அம்புமுனையும் ஆணியும் குதிரை இலாடமும் இரும்பே. ஆகவே எல்லா உலோகத்தையும் சொல்லும் கருவியே அவர்க்கு ஏற்றது. பெரிய சுருள் பெரும்பொருளை ஆழத்திலும் காணும், சிறுபொருளைத் தவறவிடும்.

பொன் தேடுவோர்க்கு எதிரி குப்பை மட்டுமன்று, மண்ணும்தான். பொன் விளையும் நிலம் பெரும்பாலும் இரும்புக் கனிமம் செறிந்த செம்மண். அம்மண்ணே ஒலி எழுப்பிக் கருவியை ஏமாற்றும். மிகச்சிறு மணிகளைக் காண உயர்ந்த அதிர்வெண் உதவுகிறது. கனிமம் மிக்க நிலத்தில் ஆழ்ந்து செல்ல, மின் துடிப்பை அனுப்பி, அது அடங்கியபின் மறுமொழியைக் கேட்கும் துடிப்பு முறைக் கருவி உதவுகிறது. ஆனால் அது ஆணியையும் பொன்னையும் செவ்வையாகப் பிரித்தறியாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

1980 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் என்னும் சிற்றூருக்கு அருகே இத்தகைய தேடல் ஒன்றில் 27 கிலோ எடையுள்ள பொற்கட்டி கிடைத்தது. 'நம்பிக்கையின் கரம்' எனப் பெயர் பெற்ற அது, தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி ஆழத்திலேயே கிடந்தது. 1850களின் பொன்வேட்டையில் பல்லாயிரவர் திரண்ட மாநிலத்தில், அத்துணைக் காலம் அது எவர் கண்ணுக்கும் படாமல் இருந்தது! அப்பொற்கட்டியை எடுத்ததால் வரலாற்றின் ஏடு எதுவும் கிழியவில்லை. இயற்கை வைத்த பொருளாதலின், அதன் மதிப்பு அதனோடேயே வந்துவிடுகிறது. மனிதன் வைத்த பொருளுக்கோ அவ்வாறன்று.

இரண்டு வயல்கள்

இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் வான்பரோ என்னுமிடத்தில் உரோமானியர் காலக் கோவில் ஒன்று மண்ணுள் மறைந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் அங்கே பழங்காசுகளைக் கண்டவர்கள் அதனை முறையாக அறிவித்தனர். ஆனால் விசாரணையின்போது இடம் வெளியே தெரிந்துவிட்டது. இரவோடு இரவாகக் கருவிகளோடு வந்தவர்கள் நிலத்தைக் குடைந்து ஆயிரக்கணக்கான காசுகளை அள்ளிச் சென்றனர். அவை எவ்வாறு படைக்கப்பட்டன, எந்த மன்னன் காசு எந்த அடுக்கில் கிடந்தது என்பனவெல்லாம் அழிந்தன. பின்னர் தொல்லியலார் எஞ்சியதை அகழ்ந்தபோது, பூசகர் அணிந்த சங்கிலித் தலையணிகள் கிடைத்தன. அவற்றைச் சூழ்ந்திருந்த செய்திகளில் பெரும்பகுதி அதற்குள் சந்தைக்குப் போய்விட்டது.

அன்றைய சட்டமும் துணைசெய்யவில்லை. பொருளை மறைத்தவர் மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு மறைத்தார் என்று மெய்ப்பித்தால்தான் அது அரசுக்குரிய புதையல். தெய்வத்துக்குக் காணிக்கையாக இட்டதை எவரே திரும்ப எடுக்க எண்ணுவர்? இக்குறையே 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்கு ஒரு முதன்மைக் காரணமாயிற்று.

மற்றொரு வயல், சஃபக் மாவட்டத்தின் ஹாக்ஸன் சிற்றூரில் உள்ளது. 1992 நவம்பர் 16ஆம் நாள், உழவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடித்தர அவர் நண்பர் எரிக் லாஸ் கருவியோடு சென்றார். சுத்தியலுக்கு மாறாக வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வெளிவரலாயின. சிலவற்றை எடுத்த லாஸ் மேலும் தோண்டாமல் நிறுத்திவிட்டு, உரியவர்களுக்குச் செய்தி சொன்னார். மறுநாளே தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளும் பொன் வெள்ளி அணிகலன்களும் கலங்களும் கிடைத்தன. அவை மரப்பெட்டி ஒன்றில் அடுக்கப்பட்டிருந்ததும், அதனுள் வெள்ளிப் பூட்டிட்ட சிறு பெட்டிகள் இருந்ததும் தெளிவாயின. கடைசிக் காசுகள் கி.பி. 407-408ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. உரோமர் ஆட்சி பிரித்தானியத் தீவிலிருந்து விலகும் தறுவாயில், செல்வக் குடும்பம் ஒன்று அஞ்சி மறைத்த உடைமை அது என்று கருதப்படுகிறது.

அப்பெட்டியிலிருந்த வெள்ளி மிளகுச்சிமிழ்கள் நான்கும் தமிழ் மாணவர்க்குத் தனிச்சுவை தருவன. மிளகு அன்று தென்னிந்தியாவிலிருந்தே உரோமப் பேரரசுக்குச் சென்றது. முசிறித் துறையில் யவனர் நடத்திய மிளகு வாணிகத்தை அகநானூறு கூறுவதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு வயலில் ஒருவர் தக்க வேளையில் மண்வெட்டியைக் கீழே வைத்ததால் இவ்வளவும் ஒருசேரக் காக்கப்பட்டன. லாஸ் பெற்ற பரிசுத்தொகை 17 இலட்சம் பவுனுக்கும் மேற்பட்டது. அதனை அவர் உழவரோடு பகிர்ந்துகொண்டார். தேடிய சுத்தியலும் கிடைத்து, இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று.

போர்க்களம் பேசியது

கருவி வரலாற்றாய்வின் கையாளாகவும் ஆகலாம் என்பதற்குச் சான்று, அமெரிக்காவின் மான்டானா மாநிலத்திலுள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம். 1876 ஜூன் 25ஆம் நாள் அங்கே லகோட்டா, செயென், அரபாஹோ மக்களுடன் பொருத கஸ்டரும் அவர் நேரடித் தலைமையில் நின்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட படையினரும் மாண்டனர். கடைசி மனிதன்வரை குன்றின்மேல் உறுதியாய் நின்று போரிட்டனர் என்பதே ஓவியங்களும் நூல்களும் பரப்பிய கதை. களத்தில் இருந்த பழங்குடி மக்களின் வாய்மொழிக்கு நெடுங்காலம் உரிய மதிப்புத் தரப்படவில்லை.

1983இல் காட்டுத்தீ புல்லை எரித்து நிலத்தை வெறுமையாக்கியது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலார் ஆய்வைத் தொடங்கினர். உலோகம் தேடுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட தொண்டர்கள் வரிசையாய் நடந்தனர். ஒலி கேட்ட இடத்தில் கொடி நட்டனர். ஒவ்வொரு தோட்டாவின் இடமும் வரைபடத்தில் குறிக்கப்பட்ட பின்னரே அது எடுக்கப்பட்டது. தோட்டா உறைகளில் பதிந்த துப்பாக்கி ஊசியின் தழும்பைக் கொண்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைக் குற்றப்புலனாய்வு முறையால் கண்டனர். பழங்குடி வீரர் பலரிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் இருந்தது உறுதியாயிற்று. படையணி குலைந்து சிதறியது என்னும் விளக்கத்தை ஃபாக்ஸ் முன்வைத்தார். அது பழங்குடி மக்களின் சாட்சியத்தோடு பெரிதும் பொருந்தியது. அத்தோட்டாக்களை முன்னரே ஒருவர் அள்ளிப் பையில் இட்டிருந்தால், அவற்றின் விலை சில காசுகள். அவை சொன்ன உண்மையோ எவர்க்கும் எட்டியிராது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் நடைபெறும் தொல்பொருள் பதிவுத் திட்டம் இப்படிப்பினையின் பயனே. தேடுவோரைப் பகைவராகக் கருதாமல், கண்டதை இடத்தோடு பதியுமாறு அது அழைத்தது. இதுவரை பதியப்பட்ட பொருள்கள் 15 இலட்சத்தைத் தாண்டியுள்ளன.

புதிதாய்க் கருவி வாங்குகின்றவர் ஆழத்தையும் எடையையும் விலையையும் ஒப்பிடுவது முறையே. பொன் தேடுவோர் மண்ணின் கனிமத்தை முதலில் அறிக. நாணயம் தேடுவோர் நிலத்துக்குரியவரின் இசைவையும் நாட்டின் சட்டத்தையும் அறிக. ஒரு காசுக்குப் பக்கத்தில் இன்னொரு காசு தோன்றினால், தோண்டுவதை நிறுத்துக. தொல்பொருளில் நாட்டமுடையோர் தனியே செல்லாது, தொல்லியலாருடன் செல்க. உலோகம் இருக்கிறது என்று மட்டுமே கருவி சொல்லும். அதனை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்பதை அது கிடந்த இடமே சொல்லும். அவ்விடத்தை ஒருமுறை கலைத்துவிட்டால், எந்தக் கருவியாலும் அதனை மீட்டுத் தர இயலாது.