பச்சிளங்குழந்தை செவித்திறன் பரிசோதனை

பச்சிளங்குழந்தை செவித்திறன் பரிசோதனை என்பது பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையின் கேட்கும் திறனைக் கருவி கொண்டு அறியும் முறையாகும். உலகளவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 1 முதல் 3 பேர் நிலையான செவிக்குறைபாட்டுடன் பிறக்கின்றனர். 1 மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் உறுதிசெய்தல், 6 மாதத்திற்குள் சிகிச்சை என்பது பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட இலக்கு. இந்தியாவில் 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் சுவஸ்திய காரியக்கிரம் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் காதுகேளாமையும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இம்மாவட்டத்தின் முதன்மையான அரசு மருத்துவமனையாகும்.

சோதனை முறைகள்

உட்செவியின் புற மயிர்க்கலங்கள் ஒலியைப் பெறும்போது தாமும் மெல்லிய ஒலியை வெளியிடுகின்றன. இதனை 1978இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் வெளியிட்டார். காதினுள் சிறு முனையைச் செருகி இவ்வொலியைப் பதிவுசெய்வது ஓ.ஏ.இ. சோதனை. தலையில் மின்வாய்களை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின்விளைவைப் பதிவுசெய்வது பெரா சோதனை. செவி நரம்பின் குறையை ஓ.ஏ.இ. காட்டாது. எனவே கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கும் பெரா தேவை. இந்தியாவில் உருவான சோகம் என்னும் கருவி (2017) பெரா வகையைச் சேர்ந்தது. பெயரின் ஒலிப்பு தமிழ்க் காதுக்குச் சங்கடம் தருவதே அதிலுள்ள குறை.

தெளிவான பதிவு

தேடப்படும் ஒலி மிக நுண்ணியது. குழந்தையின் மூச்சொலியே அதனை மூழ்கடிக்கப் போதும். பால் குடித்து உறங்கும் நேரமே ஏற்றது. பிறந்த முதல் நாளில் காதில் பிறப்புநீரும் மாவுப் படிவும் தங்கியிருக்குமாதலால், வீடு திரும்புவதற்குச் சற்று முன் சோதிப்பது நல்லது. காதில் எண்ணெய் விடும் வழக்கத்தைத் தவிர்க்கவேண்டும். முனை காதை இறுக அடைத்திருக்கவேண்டும். அதன் துளையில் அழுக்கு அடைத்திருப்பது அடிக்கடி கவனிக்கத் தவறும் காரணம். மின்விசிறி, பேச்சொலி, மார்கழி வைகுண்ட ஏகாதசியின்போது ஸ்ரீரங்கத்தில் எழும் ஒலிபெருக்கி ஓசை போன்றவை தாழ்ந்த அதிர்வெண்களையே பெரிதும் கெடுக்கும். 2000 ஏர்ட்சுக்கு மேல் பதிவு ஓரளவு தப்பிக்கும். பெராவில் தோலைத் துடைத்து மின்வாயை ஒட்டுவதும், 50 ஏர்ட்சு மின்சாரக் குறுக்கீட்டைத் தரும் கருவிகளை விலக்குவதும் முக்கியம். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு பதிவுகள் தேவை. அழும் குழந்தையிடம் இது இயலாது.

முடிவின் பொருள்

கருவி 'ரெஃபர்' எனக் காட்டுவது குழந்தைக்குக் காது கேளாது என்பதன்று. அவ்வாறு காட்டப்பட்ட பெரும்பாலான குழந்தைகளுக்குப் பின்னர் செவித்திறன் இயல்பாகவே உள்ளதென அறியப்படுகிறது. ஆனால் 'பாஸ்' வரும்வரை ஒரே அமர்வில் திரும்பத் திரும்பச் சோதிப்பதும் தவறு. தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கூடுகிறது. உரிய வழி, சில வாரங்களுக்குப் பின் இரு காதுகளையும் மீண்டும் சோதிப்பதே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் அதற்குள் புகுந்த வீடு திரும்பியிருக்கலாம் என்பதால், இரண்டு முகவரிகளையும் முதல் நாளே குறித்துக்கொள்வது பயன்தரும்.