ரஞ்சகம், கேப்பு, பிரைமர்: தீவகத்துத் துவக்கின் முதற்பொறி

துவக்கு வெடிக்க இரண்டு மருந்து வேண்டும். சன்னத்தைத் தள்ளுவது ஒன்று, அந்த மருந்தைப் பற்றவைப்பது இன்னொன்று. பழைய துவக்குகளில் பற்றவைக்கும் மருந்தை ரஞ்சகம் என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைக் கேப்பு பிடித்தது. இன்றைய ரவையின் அடியில் பதிந்திருக்கும் பிரைமர் அந்தக் கேப்பின் வாரிசு. ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு என்று நாலு பக்கமும் உப்புக்காற்று வீசும் யாழ்ப்பாணத் தீவகத்தில், இந்த மூன்றின் கதையும் ஈரத்தோடு நடந்த போராட்டம்தான்.

போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது கொண்டுவந்தது திரித்துவக்கு. வெடியுப்பில் ஊறிய கயிற்றின் நுனி கனன்றுகொண்டே இருக்கும். குதிரையை அழுத்தினால் அந்தத் திரி, குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்து ரஞ்சகத்தில் போய்ப் படியும். அங்கே எழும் தீ ஊசித்துளை வழியே குழலுக்குள் இறங்கிப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். ரஞ்சகம் மட்டும் எரிந்து, குழலுக்குள் தீ போகாமல் அடங்கிவிடுவதும் உண்டு. மாரிமழையில் திரி அணையும். சோளகம் பலமாக வீசினால் கிண்ணத்து மருந்து பறக்கும். காவலில் நிற்பவன் எதிரி வந்தாலும் வராவிட்டாலும் திரியை எரியவிட வேண்டும் என்பதால் முழம் முழமாகக் கயிறு தீரும். இரவில் அதன் சிவந்த நுனியே அவன் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வெடிமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். சுத்தமான வெடியுப்பு எளிதில் ஈரத்தை இழுக்காது. அதோடு கலந்துவரும் சாதாரண உப்பும் மற்ற அழுக்குகளும்தான் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஆகவே கடலோரக் கோட்டைகளில் மருந்தறை கட்டுவது தனிக்கலையாக இருந்தது. தடித்த சுவரும் உலர்ந்த தளமும் அதற்கு வேண்டும். அப்படியும் பீப்பாய்களை அவ்வப்போது உருட்டி மருந்தைக் கட்டிப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீருக்கு நடுவில் நிற்கும் கடற்கோட்டை அப்படியான கோட்டைகளில் ஒன்று. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். வாய்க்கால்போல் உள்ளே போகும் கடற்பாதைக்குப் பூட்டுப் போட்டதுபோல் அமைந்த இடம். 1658 மார்ச்சில் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டார்கள். கோட்டைக்குள் பீரங்கி இருந்தது, ஆளும் இருந்தது, குடிதண்ணீர் மட்டும் மரத்தொட்டியில் இருந்தது. ஒல்லாந்தரின் குண்டு தொட்டியை உடைத்ததும் கோட்டை சுமார் இரண்டு வாரத்தில் பணிந்தது. மருந்தை ஈரத்திலிருந்து காப்பது எப்படி என்று இவ்வளவு யோசித்தவர்கள் தண்ணீரைக் குண்டிலிருந்து காக்க யோசிக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கைக்குப் போனது.

திரிக்குப் பிறகு சக்கிமுக்கிக்கல் வந்தது. 1795-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஆங்கிலேயரின் கையில் இருந்தது அந்தக் கல்துவக்கு. கனலும் கயிறு ஒழிந்தது, ஆனால் ரஞ்சகக் கிண்ணம் ஒழியவில்லை. ஈரத்தின் தொல்லையும் அப்படியே நின்றது.

அந்தக் கிண்ணத்தை ஒழிக்க வழி கண்டவர் போர்வீரர் அல்லர், பறவை வேட்டையில் பிரியம்கொண்ட ஒரு ஸ்கொட்லாந்துப் பாதிரியார். கிண்ணத்தில் பளிச்சென்று எழும் தீயைக் கண்டதும் நீர்ப்பறவைகள் சன்னம் வருமுன்பே கலைந்துவிடுவது அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்குப் பெரிய எரிச்சல். பண்ணைக் கடலேரியில் பறவைகள் எழும்பும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய எரிச்சல் நன்றாகவே விளங்கும். அடித்தாலே வெடிக்கும் பாதரசக் கூட்டுப்பொருளை எட்வர்ட் ஹோவர்ட் 1800-இல் அறிவித்திருந்தார். அந்த வகை மருந்துகளைக்கொண்டு அடியால் துவக்கைப் பற்றவைக்கும் முறைக்கு ஃபோர்சைத் 1807-இல் காப்புரிமை வாங்கினார். பிறகு அந்த மருந்து சின்னச் செப்புக் குல்லாவுக்குள் அடைபட்டது. அதுவே கேப்பு. துவக்கின் முலை எனப்படும் துளைக்காம்பில் கேப்பைக் கவிழ்த்துச் சுத்தியால் அடித்தால் தீ நேரே உள்ளே போகும். மழையிலும் சுடலாம். தமிழ்நாட்டில் நரிக்குறவர் வைத்திருந்த வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கியில் இந்த முறை நெடுங்காலம் நீடித்தது.

1860-களில் கேப்பு ரவைக்குள்ளேயே குடிபுகுந்தது. இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்சரும் அமெரிக்காவின் ஹைரம் பெர்டனும் தனித்தனியே இரு வடிவங்களைக் கொடுத்தார்கள். பாக்சர் முறையில், மருந்து அடிபடும் சிறு பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும். நடுவில் ஒரே துளை. பெர்டன் முறையில் பட்டடை ரவையின் வெளிக்கூடான கோதின் அடியோடு சேர்ந்தது. துளைகள் பொதுவாக இரண்டு. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பியப் படைகளிலும் வேரூன்றியது ஒரு வேடிக்கை. நடுத்துளை வழியே ஒரு கம்பியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம் என்பதால், வெற்றுக்கோதை மீண்டும் நிரப்பும் பழக்கம் பாக்சர் முறையோடு வளர்ந்தது.

மீள்நிரப்பலில் அதிகம் பிழைப்பது பிரைமர் பதிக்கும் இடத்தில்தான். பிரைமர் ஒரு குட்டிக் கிண்ணி. அதன் உட்புறம் மருந்துப் பூச்சு, அதற்கு எதிரே பட்டடையின் முனை. துவக்கின் ஊசி கிண்ணியைக் குத்தும்போது மருந்து இரண்டுக்கும் இடையே நசுங்க வேண்டும். அதற்குப் பட்டடையின் கால்கள், பிரைமர் உட்காரும் கோதுக் குழியின் அடியில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். குழியில் பழைய கரி படிந்திருந்தாலோ பிரைமர் முழுதாக இறங்காவிட்டாலோ, ஊசியின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், மருந்து நசுங்காது. இரண்டாம் அடிக்கு வெடிக்கும் ரவைகளில் பல இந்த வகை. நன்றாகப் பதிந்த பிரைமர் கோதின் அடித்தளத்தைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு தாழ்ந்திருக்கும். கண்ணுக்கு அது தெரியாது, விரலால் தடவினால் தெரியும். தளத்துக்கு மேலே துருத்தி நிற்பது இன்னும் மோசம். சில துவக்குகளில் பின்கதவு மூடும்போதே அது அடிபட்டு, கதவு சரியாகப் பூட்டுமுன் ரவை வெடித்துவிடலாம். மிகையாக அழுத்தினால் மருந்துப் பூச்சு விரிசல் விடும். எண்ணெய்க் கை பட்டாலும் மருந்து கெடலாம். பல தடவை சுட்ட கோதில் குழி தளர்ந்து பிரைமர் ஆடும், அந்தக் கோதைக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அமெரிக்காவில் இது வீட்டு மேசையில் நடக்கும் பொழுதுபோக்கு. இலங்கையில் அப்படியல்ல. துவக்கும் ரவையும் 1916-ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழும், வெடிபொருள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டவை. பயிர்காவலுக்குத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் ஆலையில் நிரப்பிய ரவையைத்தான் வாங்குகிறார்.

பழைய பிரைமர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அவற்றில் சேர்த்த பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். கடலோரத்தில் ஒரு நாள் கழுவாமல் வைத்தாலே குழலின் உள்சுவர் சிவக்கத் தொடங்கும். எண்ணெய் மட்டும் பூசினால் போதாது, உப்பு தண்ணீரில்தான் கரையும். அதனால் .303 துவக்கு வைத்திருந்த படையாட்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். 1920-களின் இறுதியில் ஜெர்மனியில் வந்த துருப்பிடிக்கவிடாத பிரைமர் பின்னர் எங்கும் பரவியது.

1990-91 காலப் போர் தீவகத்தையும் விடவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் போர்க்கால ரவையில் கோது பச்சை பூத்து, பெரிய மருந்து கட்டியாகிப் போயிருக்கலாம். ஆனால் ஆலையில் அரக்குப் பூசி மூடிய பிரைமர் அத்தனைக்குப் பிறகும் உயிரோடு இருக்கக்கூடும். ஆகவே தோட்டம் கொத்தும்போது அகப்படும் ரவையைத் தட்டியும் சுரண்டியும் பார்க்காமல், அடுப்பில் போடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும்.