தீவில் கால் கொள்ளாத நோய்

அந்தமான் தீவுகளின் வரலாற்றைக் கூறப் புகுவோர் கைதிகளையும் சிறைக்கூடத்தையும் பற்றியே பெரிதும் பேசுவர். அத்தீவுகளுக்கு நாய் வந்த வரலாறும், நாயோடு வெறிநோய் வந்து நிலைபெறாத வரலாறும் நாம் அறியத் தக்கவையே.

1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில் ஆங்கிலேயர் கைதிகளைக் குடியேற்றினர். அதற்கு முன்னர் அந்தமான் பழங்குடியினர் நாய் வளர்த்ததில்லை. வில்லும் அம்பும் கொண்டு காட்டுப் பன்றியை வேட்டையாடிய அம்மக்கள், புதிதாய் வந்த நாயை விரைவிலேயே வேட்டைத் துணையாக ஏற்றுக்கொண்டனர். ஆனால் வந்தவை யாவும் நலம் பயக்கவில்லை. 1877-இல் பரவிய தட்டம்மை அவர்களுள் பலரை மாய்த்தது. அந்நோயை முன்பு அறியாத உடல்களில் அதனை எதிர்க்கும் ஆற்றல் இருக்கவில்லை.

வெறிநோயோ அங்கு வேரூன்றவில்லை. இந்தியாவில் அந்நோய் இல்லாத பகுதிகளாக அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இலட்சத்தீவையுமே குறிப்பிடுகின்றனர். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் உள்ள கிருமி, கடியின் வழியே மற்றோர் உயிரை அடைகிறது. இத்தொடர்ச்சிக்குக் கடல் தடையாக நிற்கிறது.

எனினும் கடலை மட்டுமே நம்பியிருத்தல் தகாது. கிருமி புகுந்த நாய் பல வாரங்கள், சிலபோது சில மாதங்கள் கூட, நலமுடன் இருப்பதாகவே தோன்றும். பிரிட்டன் 1902-இல் வெறிநோயை ஒழித்தது. 1918-இல் அந்நோய் மீண்டும் புகுந்தது. போர்முனையிலிருந்து திரும்பியோர் மறைவாகக் கொணர்ந்த நாய்களே அதற்குக் காரணம் என்பர். அதனை மறுபடியும் ஒழிக்க 1922 வரை ஆயிற்று.

நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. முன்னரே தடுத்தலோ இயலும். 1885-இல் பாரிசில் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இச்சிகிச்சையை அளித்தார். 1907-இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆழ்ந்த கடிப்புண்ணில் செலுத்தும் எதிர்ப்பு மருந்தினைக் குதிரையின் குருதியிலிருந்தும் எடுக்கின்றனர். நாயால் வரும் நோய்க்குக் குதிரையின் எதிர்ப்பாற்றல் காவலாகிறது.

நம்மவர் பலர் பிழைப்பை நாடித் தீவுகளுக்குச் செல்கின்றனர். நாயையும் உடன் கொண்டு செல்வோர், தடுப்பூசி போட்டு, மருத்துவரின் சான்று பெற்றே செல்லுதல் வேண்டும். பிற மாநிலங்களில் வாழ்வோர், நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். கடல் இதுவரை காத்ததை இனி நம் விழிப்பும் சேர்ந்து காத்தல் கடன்.