கடலடி வரைபடம் பிறந்த கதை

மேரி தார்ப்பின் மேசைக்கு வந்தவை காகிதச் சுருள்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல் வழியெல்லாம் கடலடியை நோக்கி ஒலியை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எதிரொலிமானி காகிதத்தில் கோடாகப் பதியும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. எதிரொலி ஆறு விநாடியில் திரும்பினால் ஆழம் நாலரை கிலோமீட்டர். இப்படி ஆயிரக்கணக்கான அளவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கப்பல் போன பாதையின் மேல் குறித்து, கடலடியின் வெட்டுமுகத்தை வரைய வேண்டும். அதுதான் அவருக்குத் தந்த வேலை.

இரண்டாம் உலகப்போரின்போது ஆண்கள் படைக்குப் போய்விட்டதால் அமெரிக்காவில் நிலவியல் வகுப்புகள் பெண்களுக்குத் திறந்தன. அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர் தார்ப். 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாரிஸ் யூயிங்கின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். ஆனால் ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். அதே குழுவிலிருந்த புரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் அளவுகளைக் கொண்டுவருவார். தார்ப் கரையிலிருந்து வரைவார்.

1952இல் வட அட்லாண்டிக்கின் குறுக்கே ஆறு வெட்டுமுகங்களை வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். நடுக்கடலில் ஒரு மலைத்தொடர் இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. தார்ப்பின் கண்ணில் பட்டது வேறு. மலைகளின் வடிவம் படத்துக்குப் படம் மாறியது. உச்சியில் ஆழமாக இறங்கிய வெட்டு மட்டும் மீண்டும் மீண்டும் அதே இடத்தில் வந்தது. மலைத்தொடரின் நடுமுதுகில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது என்றார். தரை அங்கே இரண்டாகப் பிரிந்து விலகுகிறது என்பது அதன் பொருள்.

அப்படியானால் கண்டங்கள் நகர்கின்றன என்றாகிவிடும். 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் அதைச் சொன்னபோதிருந்தே அமெரிக்க நிலவியலாளர்களில் பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மறுத்துவந்தார்கள். ஹீசனும் அந்தப் பக்கம்தான். பெண்பிள்ளைப் பேச்சு என்று அவர் தள்ளிவிட்டதைத் தார்ப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பேச்சைத் தீர்த்துவைத்தது பக்கத்து மேசை. கடலடித் தொலைத்தொடர்புக் கம்பிகளை எந்த வழியில் போட்டால் அறுபடாது என்று கண்டுபிடிக்க, ஹோவர்ட் ஃபாஸ்டர் என்ற இளைஞர் கடலுக்கடியில் நேர்ந்த நிலநடுக்கங்களின் மையங்களை ஒரு படத்தில் புள்ளியிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது. இரண்டு படங்களும் ஒரே அளவுத்திட்டத்தில் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அடியில் விளக்கைப் போட்டார்கள். நிலநடுக்கப் புள்ளிகள் தார்ப்பின் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடின. அட்லாண்டிக்கோடு அது நிற்கவில்லை. மற்றப் பெருங்கடல்களிலும் புள்ளிகள் போன வழியே மலைத்தொடரும் போனது. மொத்த நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர். நூல் தையலிட்ட பந்தைப் போலப் பூமியைச் சுற்றி ஓடும் அந்தத் தொடரை, அளவே எடுக்காத இடங்களிலும் நிலநடுக்கத்தை வைத்துத் தேடிப் பிடிக்க முடிந்தது.

1956இல் இதை அறிவியல் உலகுக்கு அறிவித்தவர்கள் யூயிங்கும் ஹீசனும். தார்ப்பின் பெயர் அதில் இல்லை. இந்தக் கதையில் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இடம் இதுதான்.

படத்தின் தோற்றம் பிறந்த விதம் இன்னும் விசேஷமானது. துல்லியமான ஆழக்கோடுகளை வெளியிட அமெரிக்கக் கடற்படை தடை போட்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களின் காலம் அது. எண்களைக் காட்டக்கூடாது என்றால் நிலத்தின் உருவத்தையே காட்டலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். தண்ணீரை வடித்துவிட்டு, உயரே பறந்தபடி சாய்வாகப் பார்த்தால் தெரியும் மலைகளையும் சமவெளிகளையும் பேனாவால் தீட்டினார் தார்ப். 1957இல் வட அட்லாண்டிக் படம் வெளிவந்தது. ஆழக்கோட்டுப் படம் வந்திருந்தால் அதை நிபுணர்கள் மட்டுமே படித்திருப்பார்கள். இதையோ பார்த்த எவரும் புரிந்துகொண்டார்கள். தடை செய்த உபகாரம் என்றே சொல்வேன்.

நம்பாதவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ. பள்ளத்தாக்கு இல்லை என்று காட்டவே கலிப்சோ கப்பலிலிருந்து கேமராவைக் கடலடிக்கு இறக்கி இழுத்துச் சென்றார். பள்ளத்தாக்கு படத்தில் விழுந்தது. 1959இல் நியூயார்க் மாநாட்டில் அந்தப் படத்தை அவரே திரையிட்டார். அடுத்த பத்தாண்டுக்குள், அந்தப் பிளவில் எரிகுழம்பு மேலெழுந்து புதுத் தரையாகிறது, பாறைத்தட்டுகள் இருபுறமும் விலகுகின்றன என்பது பாடமாகிவிட்டது.

பிறகு ஆஸ்திரிய ஓவியர் ஹைன்ரிக் பெரானும் சேர்ந்தார். 1967இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் இந்தியப் பெருங்கடலின் தரையை அவர் தூரிகையில் வெளியிட்டது. அந்தமானுக்கு மேற்கே வங்கக் கடலுக்குள் தெற்கு வடக்காகச் செல்லும் தொண்ணூறு பாகைக் கிழக்கு முகட்டை அப்படித்தான் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

உலகக் கடல்கள் முழுவதையும் காட்டும் படம் 1977இல் முடிந்தது. அதே ஆண்டு ஐஸ்லாந்துக்கு அருகே, தாம் ஆய்ந்த அந்த நடுக்கடல் முகட்டைப் பார்க்கப் போன நீர்மூழ்கியிலேயே ஹீசன் மாரடைப்பால் இறந்தார். அச்சு வேலையைத் தார்ப் முடித்துக் கொடுத்தார். படத்தில் ஹீசனின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது.