பத்திரமில்லாத பங்களாக்கள்: கோலார் தங்கவயலில் வீடும் பழுதுபார்ப்பும் உரிமையும்

பழைய விக்டோரியா காலத்து வீடொன்றை விலைக்கு வாங்கி, சிதைந்ததைச் சீர்செய்து குடியேற வேண்டும் என்னும் விருப்பம் மூன்று அனுமானங்களின் மேல் நிற்கிறது. அவ்வீட்டுக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். அவரால் அதை விற்க முடியும். வாங்கியவர் அதில் போடும் பணமும் உழைப்பும் அவருக்கே உரியதாகும். இம்மூன்றையும் கோலார் தங்கவயலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் நிலைப்பதில்லை. ஓட்டுக் கூரையும் தாழ்வாரமும் கணப்படுப்பும் கொண்ட பங்களாக்கள் அங்கு இன்றும் நிற்கின்றன. ஆனால் சுரங்கப் பகுதியின் பங்களாவாயினும் லைன் வீடாயினும், சுரங்கம் இயங்கிய காலத்தில் அதில் குடியிருந்தவர் அதன் உரிமையாளராக இருந்ததில்லை. துரைக்கும் பத்திரம் இல்லை. தொழிலாளிக்கும் பத்திரம் இல்லை. இருவரும் இழந்தது மட்டும் ஒன்றன்று. அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இப்பதிவின் நோக்கம்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். 1802இல் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பம், உரிகம் பகுதிகளில் ஊரார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு பதிவுசெய்தார். அக்குறிப்பைப் படித்த மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் 1875இல் மைசூர் அரசிடம் 20 ஆண்டு உரிமம் பெற்றார். சில ஆண்டுகளில் அவ்வுரிமம் பெரெஸ்ஃபோர்டு முதலிய இராணுவ அதிகாரிகளின் குழுவுக்குக் கைமாறியது. 1880இல் இலண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் நிர்வாகப் பொறுப்பேற்ற பின்னரே சுரங்கத்தொழில் வேரூன்றியது. இவ்வளவு மாற்றங்களிலும் மாறாதது ஒன்று உண்டு. நிலம் மைசூர் அரசுடையது. நிறுவனங்கள் உரிமப் பங்கு செலுத்தும் குத்தகைதாரர்களே. எனவே ஒரு பங்களாவைக் கட்டிய நிறுவனமும் அதன் அடிமண்ணுக்கு முழு உரிமை பெற்றிருக்கவில்லை. குத்தகை நிலத்தின் மேல் நிறுவனம். நிறுவனத்தின் வீட்டில் ஊழியர். ஊழியம் முடிந்தால் வீடும் முடிந்தது. தங்கவயலின் குடியிருப்பு வரலாறு முழுவதும் இந்த அடுக்கின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அடுக்கின் உச்சியில் ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்கள் இருந்தன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊராதலால் மார்கழிக் குளிர் பொய்யில்லை. ஆயினும் கணப்படுப்பு வெப்பத்துக்காக மட்டும் கட்டப்பட்டதன்று, அது தாய்நாட்டின் நினைவும்கூட. தோட்டம், மன்றம், கோல்ஃப் மைதானம் ஆகியவற்றோடு சேர்த்து இவ்வட்டாரத்தைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள். அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்புகள். அடிப்படியில் லைன்கள்: சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகள். அவற்றுக்கும் முந்தியவை மூங்கில் தட்டியால் அடைத்த குடிசைகள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் பேசும் தொழிலாளர்கள், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், இத்தட்டி வீடுகளில்தான் முதல் தலைமுறையைக் கழித்தார்கள். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே ஊரின் மக்கள்தொகை 38,000ஐத் தாண்டியிருந்தது. நெரிசலைத் தணிக்க மைசூர் அரசு திட்டமிட்டு அமைத்த நகரமே, அப்போதைய ரெசிடென்ட் டொனால்டு ராபர்ட்சனின் பெயர் தாங்கிய ராபர்ட்சன்பேட்டை. மனை வாங்கி வீடு கட்டும் வாய்ப்பு அங்கு இருந்தது. சுரங்கப் பகுதியில் அது இல்லை.

இவ்வமைப்பை விளங்கிக்கொள்ள டெய்லர் நிறுவனத்தின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்பது பயன்தரும். அதன் நிறுவனர் ஜான் டெய்லர், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன், கார்ன்வால் வட்டாரங்களின் செம்புச் சுரங்கங்களில் பெயர் பெற்றவர். 1860களில் அங்குச் செம்புத்தொழில் சரிந்தபோது கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் உலகெங்கும் சிதறினார்கள். அவர்களுள் சிலர் மேற்பார்வையாளர்களாகத் தங்கவயலுக்கும் வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த ஊரில் வீட்டுரிமை எப்படி இருந்தது? நிலக்கிழார் ஒரு துண்டு தரிசைக் குத்தகைக்குக் கொடுப்பார். தொழிலாளி தன் கைப்பட மண்ணாலும் கல்லாலும் வீடு எழுப்பிக்கொள்வார். குத்தகையில் மூவர் பெயர் எழுதப்படும். அம்மூவருள் கடைசி ஆள் இறக்கும் நாளில் நிலத்தோடு வீடும் நிலக்கிழாருக்குத் திரும்பிவிடும். கட்டியவரின் பேரன் தன் பாட்டன் எழுப்பிய சுவருக்குள் வாடகைக்காரன் ஆவான். ‘மூன்று உயிர்க் குத்தகை’ எனப்பட்ட இம்முறை அங்குக் கசப்பான நினைவாக நெடுங்காலம் நிலைத்தது. ஆகவே, உழைப்பவர் வீட்டைப் பேணுவார், உடைமை வேறொருவரிடம் இருக்கும் என்னும் ஏற்பாட்டைக் காலனியம் தங்கவயலுக்கென்று புதிதாகப் புனையவில்லை. கார்ன்வாலிலோ உரிமை மூன்று உயிர்கள்வரை நீடித்தது. இங்கு அது ஒருவரின் வேலை உள்ளவரை மட்டுமே நீடித்தது.

துரையும் தொழிலாளியும் இழந்தது ஒன்றன்று என்றேன். அதிகாரிக்குத் தங்கவயல் ஒரு பணியிடம். பணிக்காலம் முடிந்ததும் கப்பலேறுவார். சேமிப்பும் ஓய்வும் வேறிடத்தில் இருக்கும். பங்களாவை விட்டுச் செல்வது அவருக்கு அறையை மாற்றுவது போன்றது. லைன்வாசிக்கு அப்படியன்று. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் எனச் சுரங்கத்தில் இறங்கிய குடும்பங்களுக்குப் பூர்வீக ஊரில் நிலம் இல்லை. பல குடும்பங்கள் ஊரின் சாதிக் கொடுமையிலிருந்து விலகி வந்தவை. திரும்பிச் செல்லும் வழியை அவர்களே அடைத்துக்கொண்டார்கள். வேறிடத்தில் வீடு இல்லாதவருக்கு நிறுவனத்தின் அறையே வீடாயிற்று. சமையலுக்கு முன்புறம் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். பிள்ளைகள் பெருகியபோது பின்புறம் ஓர் அறை சேர்த்தார்கள். மண் தரையைச் சிமெண்டால் மெழுகினார்கள். கணக்கேட்டில் வீடு நிறுவனத்தின் பெயரில் நின்றது. கைப்பழக்கத்தில் அது குடும்பத்தின் வீடாகிக்கொண்டே வந்தது.

உடைமையாளர் பின்னர் பலமுறை மாறினார். 1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவாயிற்று. வெள்ளையர் காலிசெய்த பங்களாக்களில் இந்திய அதிகாரிகள் குடியேறினர். வேலையோடு கட்டப்பட்ட வீடு என்னும் விதி மட்டும் மாறவில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது அவ்விதியின் முழுப் பொருளும் வெளிப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். வீட்டில் இருப்பதற்கான சட்டக் காரணமும் அன்றே அறுந்தது. 1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 630ஆம் பிரிவு, நிறுவனச் சொத்தைத் திருப்பித் தராத முன்னாள் ஊழியரைக் குற்றவாளியாகவே கருதியது. 1971ஆம் ஆண்டுப் பொது இடங்கள் சட்டம் இத்தகையோருக்கு வழங்கும் பெயர் ‘அங்கீகாரமற்ற குடியிருப்பாளர்’. நான்கு தலைமுறையாக ஓரிடத்தில் பிறந்து வளர்ந்தவர் இச்சொல்லுக்குள் அடங்க வேண்டியிருந்தது. வேலை மீண்டும் வேண்டும் என்பதோடு, குடியிருக்கும் வீட்டைக் குடியிருப்பவருக்கே தர வேண்டும் என்பதும் தங்கவயலின் முதன்மைக் கோரிக்கையானது இதனால்தான். சுரங்கச் சொத்துகளை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்பது பற்றிய வழக்கு 2013இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

நிறுவனம் மூடியபின் கூரையைப் பழுதுபார்த்தது யார்? குடியிருந்தவர்களே. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகிறார்கள். அந்த ஊதியத்தின் ஒரு பங்கு ஓடாகவும் தகரமாகவும் சுண்ணாம்பாகவும் தங்கவயலின் சுவர்களில் சேர்ந்திருக்கிறது.

இங்குப் பழுதுபார்ப்பு எளிய வேலையும் அன்று. விக்டோரியா காலச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. அச்சாந்து ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியிடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, சில ஆண்டுகளில் பூச்சு பொருக்காக உதிரும். கரையான் தின்ற உத்தரத்தை மாற்றாமல் மங்களூர் ஓட்டை மட்டும் மாற்றினால் கூரை மீண்டும் வளையும். இவை எந்தப் பழைய வீட்டுக்கும் பொருந்தும். தங்கவயலுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. ஒன்று காலடியில் இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று நொறுங்கும் ‘பாறை வெடிப்பு’ மேற்பரப்பில் நில அதிர்வாக உணரப்படும். வீடுகள் விரிசல் கண்டதுண்டு. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் இவ்வூரில் அமைக்கப்பட்டதற்கு இவ்வரலாறே பின்னணி. மற்றொன்று காற்றில் இருக்கிறது. பொன்னைப் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடுக் கழிவுமண் மேடுகளிலிருந்து பறக்கும் தூள், வாசல், தண்ணீர்த் தொட்டி, நுரையீரல் எதையும் விடுவதில்லை. வீட்டைச் சீர்செய்யலாம்; வீட்டின் கீழுள்ள வெற்றிடத்தையும் மேலுள்ள காற்றையும் தனியொரு குடும்பம் சீர்செய்ய இயலாது.

சட்ட வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டெய்லர் நிறுவனம் தங்கவயலுக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், 1882இல், பிரிட்டிஷ் இந்தியாவில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைதாரர் தாம் நிலத்தில் பொருத்தியவற்றைக் குத்தகை முடிந்த பின்னும், அனுபவத்தில் இருக்கும்வரை, கழற்றி எடுத்துச் செல்லலாம் என்கிறது. நிலத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அனுமதியின்பேரில் குடியிருப்பவர், அவ்வனுமதியை நம்பி நிலையான தன்மையுள்ள கட்டுமானம் செய்து செலவிட்டிருந்தால், அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. மைசூர் தனி அரசு; அங்கிருந்த நிறுவன வீடுகளுக்கு இப்பிரிவுகள் அப்படியே பொருந்தும் என்பது என் வாதமன்று. பின்னால் வந்த பொது இடங்கள் சட்டத்தில் இத்தகைய எண்ணத்துக்கு இடமும் அரிது. ஆனால் செலவிட்ட உழைப்பு உரிமையைத் தோற்றுவிக்கக்கூடும் என்னும் கருத்து விக்டோரியா காலச் சட்டச் சிந்தனைக்கே அந்நியமன்று என்பது தெளிவு. அக்காலத்தின் கணப்படுப்புகளைப் பாதுகாக்க விரும்பும் நாம் அக்காலத்தின் இந்த எண்ணத்தையும் சேர்த்துப் பாதுகாக்கலாம்.

தங்கவயலின் வழக்கு தனித்ததும் அன்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் ‘லயன்’ எனப்படுவதும் தங்கவயலின் ‘லைன்’ என்பதும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்கள். அங்கும் வேலையும் அறையும் ஒரே முடிச்சு. அம்முடிச்சை அவிழ்க்கும் முயற்சியாகவே குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்னும் திட்டம் அண்மைக்காலத்தில் முன்வைக்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலையில், 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகை பெற்ற தோட்ட நிறுவனம் வெளியேறும் நிலையில், தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்வி 2024இல் நீதிமன்றத்தில் நின்றது. பிரிட்டனோ 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்வழி, உள்ளாட்சி வீடுகளில் மூன்றாண்டு குடியிருந்தவர்க்கு விலையில் 33 விழுக்காடு கழிவு அளித்து, ஆண்டுதோறும் அதை ஒவ்வொரு விழுக்காடாக 50வரை உயர்த்தியது. அச்சட்டத்தின் பின்விளைவுகள் பற்றிய கடும் விமர்சனங்கள் ஏற்கத்தக்கவையே. ஆயினும் குடியிருந்த ஆண்டுகளை விலையில் கழிக்கத்தக்க ஒன்றாக ஓர் அரசு கணக்கிட்டது என்பது நமக்கு முக்கியம்.

‘கே.ஜி.எஃப்’, ‘தங்கலான்’ ஆகிய திரைப்படங்களுக்குப் பின் தங்கவயலைப் பார்க்க வருவோர் பெருகியுள்ளனர். அவர்கள் படமெடுப்பது பங்களாவையும் சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தையும். மரபுச் சின்னம் என்னும் தகுதி பெறும் வாய்ப்பு உயரமான கூரைகளுக்கே அதிகம்; ஒட்டுப்போட்ட லைன் வீட்டை எவரும் புராதனம் என்பதில்லை, ‘ஆக்கிரமிப்பு’ என்றே சொல்கிறார்கள். ஒரே காலத்தில், ஒரே நிறுவனத்தால் எழுப்பப்பட்ட இரு கட்டடங்களுள் ஒன்று மரபாகவும் மற்றொன்று சேரியாகவும் ஆவதைக் கட்டடக்கலை தீர்மானிப்பதில்லை. யார் குடியிருந்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவன ஆவணங்களும் இலண்டன் பங்குதாரர் அறிக்கைகளும் வீட்டைக் கட்டிய செலவைச் சொல்லும். கட்டியபின் நூறாண்டுகள் அதை நிற்கவைத்த செலவைச் சொல்லமாட்டா. அக்கணக்கு லைன்களில் இருக்கிறது: சிமெண்டு மூட்டைக்கு வாங்கிய கடன் சீட்டில், மின்கட்டண இரசீதில், எந்த ஆண்டு எந்தச் சுவர் எழுந்தது என்று நினைவுகூரும் பாட்டிமார் பேச்சில். உரிமைப் பத்திரம் பெறாத ஒரு சமூகத்திடம் உள்ள உடைமைச் சான்றுகள் இவையே. பட்டா கோரும் மனுக்களோடு இணைக்கத்தக்க அளவுக்கு அவற்றை முறையாகத் தொகுப்பது வரலாற்றுத் துறையால் செய்யக்கூடிய வேலை. ஓடுகள் உதிர்வதைவிட வேகமாக அந்த நினைவுகள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன.